மழைக்காலச் சைக்கிள் சாமான்கள்: மட்கார்டு முதலில், ரெயின்கோட் அப்புறம்

மழையில் ஓட்ட என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் ரெயின்கோட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரர்களும் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். மேலேயிருந்து விழுவது வெறும் தண்ணீர், நனைந்தால் காய்ந்துவிடும். டயர் வாரியடிப்பதோ மண்ணும் மணலும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் கலந்த கரைசல். செயின் கண்ணிக்குள் புகுவதும், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கி அரம் போட்டதுபோல் தேய்ப்பதும், முதுகில் கறுப்புக் கோடு இழுப்பதும் அதுதான். மழை விட்டாலும் ரோடு காயும்வரை இந்தச் சாரல் ஓயாது. எவ்வளவு உசத்தியான கோட்டு போட்டாலும் பிரேக்கும் செயினும் படும் பாட்டை அது தடுக்கப் போவதில்லை. அதனால் கையிலிருக்கும் காசு மட்கார்டு, பிரேக் கட்டை, டயர், கோட்டு என்ற வரிசையில் போக வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் மதிப்பீடும் அந்த வரிசையில்தான்.

மட்கார்டு

மூன்று ரகம் கிடைக்கிறது. சக்கரத்தை நன்றாகத் தழுவி, இரு பக்கமும் கம்பியால் ஃப்ரேமில் முடுக்கப்படும் முழு நீள மட்கார்டு ஒன்று. ரப்பர் பட்டையால் மாட்டிக் கழற்றுவது இன்னொன்று. சீட்டுக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் தகடு மூன்றாவது. இந்தத் தகடு முதுகில் விழும் கோட்டைக் குறைக்கும், அதோடு சரி. செயினுக்கும் காலுக்கும் பின்னால் வருபவர் முகத்துக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாட்டிக் கழற்றும் ரகத்தில் எஸ்கேஎஸ் ரேஸ்பிளேட் பேர் பெற்றது. மட்கார்டு போடத் துளையே இல்லாத ரேஸ் சைக்கிளுக்கு அதுதான் வழி. ஆனால் ஃபோர்க்குக்கு (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) அடியிலும் பிரேக்குக்கு அடியிலும் தகடு தொடர்ச்சியாக வராது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் நேராகப் பிரேக்கில் பீய்ச்சும். ஃப்ரேமில் துளை இருந்தால் முழு நீளம்தான். வேறு பேச்சே வேண்டாம்.

முழு நீளத்தில் ஜெர்மனியின் எஸ்கேஎஸ் நிறுவனத்து புளூமெல்ஸ் வரிசையைப் பல இடங்களில் பார்க்கலாம். உள்ளே அலுமினியத் தகடு, மேலும் கீழும் பிளாஸ்டிக், கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு. கனமில்லை, துருவில்லை, இடித்தால் வளைந்து கொடுக்கும். குறையும் உண்டு. ஃபோர்க் தலையில் மாட்டும் தகடு மட்கார்டோடு சேரும் ரிவெட்டு இடத்தில்தான் விரிசல் முதலில் விழும். ஓரம் மடிக்காமல் தட்டையாக இருப்பதால், மேலே ஏறிய தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து செருப்பில் சொட்டும். ஜப்பானின் ஹோஞ்சோ செய்யும் அலுமினிய மட்கார்டுகளில் ஓரம் உள்பக்கமாகச் சுருட்டியிருக்கும். தண்ணீர் அந்தக் கால்வாயிலேயே ஓடிக் கீழே இறங்கிவிடும். அந்த ஒரு விஷயத்தில் அது ஒரு படி மேல். ஆனால் மாட்டத் துளை போட வேண்டும், அளவு பிசகினால் தகடு பாழ். பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் இரும்பு மட்கார்டிலும் ஓரம் சுருட்டித்தான் இருக்கும். வேலைக்குக் குறைவில்லை, உள்பக்கம் பெயின்ட் உதிர்ந்து ரிவெட்டைச் சுற்றித் துரு தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அகலம் டயரைவிட 8 முதல் 10 மி.மீ.யாவது கூட இருக்க வேண்டும். 45 மி.மீ. மட்கார்டு என்றால் ஏறத்தாழ 35 மி.மீ. டயர் வரை சரிப்படும். அகலத்தைவிட முக்கியம் முன் மட்கார்டின் நீளம். கீழ்முனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டால் பாதம், செயின், பெடல் அச்சு மூன்றும் நனைந்தே தீரும். கம்பெனி கொடுக்கும் ரப்பர் நாக்கு பெரும்பாலும் குட்டை. 2 மி.மீ. கனமுள்ள ரப்பர் ஷீட்டிலோ பழைய பிளாஸ்டிக் கேனிலோ நீங்களே ஒரு நாக்கு வெட்டிக்கொள்ளலாம். மேலே மட்கார்டு அகலம், கீழே இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அகலமான வாஷர் வைத்து இரண்டு சின்ன போல்ட்டு. முனை தரைக்கு 6, 7 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும், இன்னும் இறக்கினால் படி ஏற்றும்போது மடங்கிச் சக்கரத்துக்குள் போகும். செலவு ஒன்றுமில்லை. மழைச் சாமான் அத்தனையிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் இதில்தான். பின் மட்கார்டுக்கும் ஒரு நாக்கு போட்டால் பின்னால் வருபவர் வாழ்த்துவார்.

மாட்டும் விதத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். டயரில் முழுக் காற்று அடித்துவிட்டு அளவெடுக்க வேண்டும். தளர்ந்த டயரில் எடுத்த அளவு பிறகு உரசும். முதலில் ஃபோர்க் தலை போல்ட்டை லேசாக மட்டும் முடுக்கி, கம்பிகளைக் கீழ்க் கண்ணில் கோத்து, மட்கார்டு தானாக எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்க விடுங்கள். இழுத்து வளைத்துத் துளைக்குக் கொண்டுவந்து முடுக்கினால் அந்த இறுக்கம் அதிர்விலேயே தகட்டைக் கிழித்துவிடும். எட்டவில்லையென்றால் நடுவில் ஸ்பேசர் வைக்க வேண்டும். டயருக்கும் தகட்டுக்கும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயரில் ஒட்டிய கல் மட்கார்டின் பின்பக்கக் கீழ்முனை வழியாக நுழைந்து, சக்கரம் சுற்றும் திசையில் மேலே ஏறி முன்முனையில் வெளியேறும். நுழைவாயில் குறுகியும் போகப் போக அகன்றும் இருந்தால் கல் தானே விழும். நேர்மாறாக இருந்தால் நடுவழியில் நெரியும். கடைசியில் எல்லா போல்ட்டுக்கும், மரை தளராமல் பிடிக்கும் நீலப் பசை (திரெட்லாக்கர்) ஒரு சொட்டு. இல்லையென்றால் பள்ளம் மேடுகளில் தளர்ந்து கடகடவென்று பாடத் தொடங்கும். மிஞ்சி நீட்டும் கம்பி முனையை வெட்டி மூடி போட்டுவிடுங்கள், கெண்டைக்காலைக் கிழிக்கும்.

ஒரு ஆபத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு குச்சி சிக்கினால் தகடு இழுபட்டு, கம்பி மடங்கி, ஃபோர்க்குக்கு அடியில் திணிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுபவர் ஹாண்டில்பாருக்கு மேல் பறப்பார். எஸ்கேஎஸ் முன் கம்பிகளுக்குக் கொடுக்கும் செக்யூகிளிப் என்ற பிளாஸ்டிக் கொக்கி இதற்காகத்தான். இழுவை வந்தால் கம்பி அதிலிருந்து கழன்றுகொள்ளும். கழன்றுவிடுகிறதே என்று அதை இரும்புக் கம்பியால் கட்டி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதைவிட முன் மட்கார்டே இல்லாமல் ஓட்டலாம். வாங்கும்போது முன் கம்பிக்கு இந்த விடுகொக்கி உண்டா என்று பாருங்கள். மட்கார்டு மாட்டிய பிறகு ஹாண்டிலைத் திருப்பி, பெடலில் வைத்த கால் நுனி அதில் படுகிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிரேக் கட்டையும் டிஸ்க்கும்

குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். காய்ந்த ரோட்டில் பிடித்த அதே பிடிப்பை நம்பி ஓட்டினால் சைக்கிள் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். கட்டையை மாற்றிச் சமாளிக்கலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சக்கரத்தை அலுமினிய ரிம்முக்கு மாற்றுவதுதான் மருந்து. இரும்பு ரிம்மோடு மழைக்காலத்தில் தினம் ஓட்டுபவர்கள் மட்டும், என் வரிசையை மீறி, வேறு எந்தச் செலவுக்கு முன்பும் இதைச் செய்யலாம்.

அலுமினிய ரிம்முக்குக் கட்டை என்றால் கூல்ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை. கறுப்பு ரப்பர் கட்டைகளைவிட ஈரத்தில் சீக்கிரம் பிடிக்கும். இன்னொரு நல்ல குணம், மணலும் அலுமினியத் துகளும் அதில் அவ்வளவாகப் பதிவதில்லை. மலிவான கறுப்புக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் மினுமினுவென்று அலுமினியச் சில்லுகள் தெரியும். ரிம்மைக் கோடு கோடாகக் கிழிப்பவை அவைதான். ஊசி முனையால் தோண்டி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பழைய கட்டையும் கொஞ்ச நாள் ஓடும். சால்மன் கட்டையின் குறை சத்தம். கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முந்தி ரிம்மைத் தொடும்படி சாய்த்து மாட்டினால் அலறல் பெரும்பாலும் அடங்கும்.

எந்தக் கட்டை போட்டாலும் ரிம் பிரேக்குக்கு மழையில் ஒரு தாமதம் உண்டு. முதல் ஓரிரு சுற்று ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்கத்தான் போகும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக அமுக்கித் துடைத்துக்கொண்டு, பிறகு பிடிக்க வேண்டும். நிற்கவில்லையே என்று பயந்து முழுப் பலத்தோடு அமுக்கினால், ரிம் காய்ந்த அந்தக் கணத்தில் பிடி திடீரென்று ஏறிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையில் விழுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ரிம்மின் பக்கச் சுவர் உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள். தேய்மானக் கோடோ புள்ளியோ வெட்டியிருக்கும் ரிம்களில் அது மறைந்துவிட்டால் ரிம்முக்கு ஆயுள் முடிந்தது. பிடிவாதமாக ஓட்டினால் ஒருநாள் காற்றழுத்தத்திலேயே சுவர் பிளக்கும்.

ரிம்மை விட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள வட்டத் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இந்தத் தாமதத்தை ஏறத்தாழ இல்லாமலாக்குகிறது. அதில் தேர்வு பேடில், அதாவது டிஸ்க்கை அமுக்கும் கட்டையில் வருகிறது. ரெசின் பேடு சத்தமில்லாமல் முதல் தொடுதலிலேயே பிடிக்கும், ஆனால் மணல் கலந்த தண்ணீரில் கரைந்துபோகும். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேடு ஈரத்தில் நீண்டகாலம் வரும். கொஞ்சம் சத்தம் போடும், குளிர்ந்திருக்கும்போது சற்று மந்தம். தினமும் மழையில் ஓடும் சைக்கிளுக்கு உலோகம்தான். வாங்குமுன் டிஸ்க்கில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஷிமானோவின் சில டிஸ்க்குகளில் ரெசின் பேடு மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் உலோக பேடு போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும். பேடின் உரசும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். புது பேடு போட்டதும் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவையாவது படிப்படியாக நிறுத்திப் பழக்கிய பிறகுதான் மழையில் இறக்க வேண்டும். செயினுக்குத் தெளிப்பானில் எண்ணெய் அடிக்கும் பழக்கம் டிஸ்க் வண்டிக்கு ஆகாது. காற்றில் பறந்த எண்ணெய் டிஸ்க்கில் படிந்தால் பேடு உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அலறல்தான் மிஞ்சும். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கிப் போடுவதே உத்தமம்.

அதிகம் பேசப்படாத ஒரு ரகம் ஹப்புக்குள் அடைந்த டிரம் பிரேக். ஸ்டர்மி ஆர்ச்சர் 70, 90 மி.மீ. டிரம்களில் செய்கிறது. கனம் அதிகம், சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டும், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பு குறையும். ஆனால் சமதரையில் மழை வெயில் பார்க்காமல் ஒரே மாதிரி பிடிக்கும், ரிம் தேய்மானமே கிடையாது. இறக்கமில்லாத ஊர்களில் தினசரி வேலைக்குப் போய்வர இதை மிஞ்ச எதுவுமில்லை என்பேன்.

டயர்

ஆழமான பட்டை வெட்டிய டயர்தான் மழைக்குப் பிடிக்கும் என்பது காரிலிருந்து வந்த நம்பிக்கை. விமான டயர்களுக்காக நாசா 1963ல் வெளியிட்ட கணக்குப்படி, டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயருக்கு அது மணிக்குச் சுமார் 118 கி.மீ. அந்த வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வேறு கவலைகள் இருக்கும். தார் ரோட்டில் மொழுமொழு டயர் ஒன்றும் மோசமில்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் தரையில் பதியும் அகலமும். காய்ந்த நாளில் வைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு காற்றைக் குறைத்தால் பதிவு கூடும்.

ஈரத்தில் பஞ்சர் அதிகமாவதற்கு மூலகாரணம் தண்ணீரேதான். கண்ணாடித் துண்டை ரப்பருக்குள் வழுக்கி இறங்க விடுவது அது. ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் டயரில் 3 மி.மீ. பாதுகாப்புப் பட்டை, மாரத்தான் பிளஸ்ஸில் சுமார் 5 மி.மீ. பிளஸ்ஸில் பஞ்சர் அபூர்வம். பதிலுக்குக் கனம், விறைப்பு, மாட்டிக் கழற்றுவதற்குள் கட்டைவிரல் கழன்றுவிடும். பஞ்சர் ஒட்டவே முடியாத சூழ்நிலையில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் பிளஸ். மற்றவர்களுக்குச் சாதா மாரத்தான் போதும். ரேஸ் சைக்கிளுக்குக் கான்டினென்டலின் கிராண்ட் பிரீ ஃபோர் சீசன். எந்த நல்ல டயரும் கைவிடும் இடங்கள் இருக்கின்றன: ரோட்டில் பெயின்ட் அடித்த கோடுகள், இரும்பு மூடிகள், ஈர இலைக் குவியல், தண்டவாளம். தண்டவாளத்தைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். மற்றவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்காமல் ஹாண்டிலும் திருப்பாமல் நேராக உருண்டு போக வேண்டும். பல நாள் காய்ந்த ரோட்டில் விழும் முதல் பத்து நிமிஷத் தூறல் கனமழையைவிட வழுக்கும். எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழம்புகின்றன, இன்னும் கழுவப்படவில்லை.

கோட்டு, கேப், கால்சட்டை

மழைக்கோட்டு விளம்பரங்களில் இரண்டு எண்கள் வரும். முதலாவது தண்ணீர் தாங்கும் அழுத்தம், மி.மீ. கணக்கில். 10,000 மி.மீ. சைக்கிளுக்குத் தாராளம். 20,000 என்பது முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தும் இடத்தில்தான் உதவும். இரண்டாவது எண் துணி மூச்சுவிடும் அளவு, ஒரு சதுர மீட்டரில் 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவி இத்தனை கிராம் என்று. வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த எண்ணில்.

விலையுயர்ந்த மழைக்கோட்டுத் துணிக்குள் வைக்கும் கோர்-டெக்ஸ் சவ்வின் கதையை எடுத்துக்கொள்வோம். 1969ல் பாப் கோர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்த சவ்வு அது. துளை ஒவ்வொன்றும் தண்ணீர்த் துளியைவிட 20,000 மடங்கு சிறிது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரிது என்பது கம்பெனியின் கூற்று. சரிதான். ஆனால் துளை இருந்தால் மட்டும் ஆவி வெளியேறாது. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் தள்ளும். குளிர் மழையில் அந்த வித்தியாசம் உண்டு. வெதுவெதுப்பான மழையில் வெளியிலும் ஈரம் முழுசாக நிறைந்திருக்கும், வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. அப்போது எந்த சவ்வும் வியர்வையை வெளியே விடாது. மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள். அதனால் வெப்பமான இடங்களில் உயர்ந்த சவ்வுக்குக் காசு கொடுப்பது வீண். அக்குளில் ஜிப், முதுகில் மடல், தளர்ந்த கழுத்து, இவை உள்ள சாதாரண கோட்டு அதைவிடச் சுகம்.

சவ்வுக் கோட்டு வாங்கியவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சில மாதத்தில் கோட்டு ஒழுகுகிறது என்று ஓரங்கட்டுவது. பெரும்பாலும் சவ்வு நன்றாகத்தான் இருக்கும். மேல்துணியில் பூசியிருந்த நீர்விலக்கிப் பூச்சுதான் அழுக்கிலும் வியர்வையிலும் செத்திருக்கும். துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து ஒட்டிக்கொள்ளும், ஆவி வெளியேறாது, உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். சாதா சோப்புத்தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் போடக் கூடாது. நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரியானதில் துவைத்து, இரண்டு தடவை அலசி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிஷம். தண்ணீர் மறுபடி முத்து முத்தாக உருண்டால் தீர்ந்தது. உருளவில்லையென்றால் அப்போது புதுப் பூச்சு. இப்போது வரும் ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கை விலக்குவதில்லை. பழையவற்றைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். மலிவான பாலியூரித்தேன் பூச்சுக் கோட்டை ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்தால் பூச்சு பிசுபிசுத்து உரியும். அதற்கு மருந்து கிடையாது.

கேப் என்கிற சைக்கிள் போர்வைக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. கழுத்தில் மாட்டி, முன்பக்கத்தை ஹாண்டில்பாருக்கு மேல் விரித்து, பின்பக்கத்தைச் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டால் கூடாரத்துக்குள் உட்கார்ந்த கணக்கு. அடியிலிருந்து காற்று தாராளமாக வரும். உள்ளே இரண்டு கட்டைவிரல் வளையமும் ஒரு இடுப்புக் கயிறும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் விற்பது நடப்பவர்களுக்கான போன்ச்சோ. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் ஓரம் பறந்து ஸ்போக்கில் மாட்டும். பிரிட்டனின் கேரடைஸ் மெழுகு பருத்தியில் செய்யும் டக்ஸ்பேக் கேப் கனமானது, அந்தக் கனம்தான் அதற்குப் பலம், காற்றில் படபடக்காது. மெல்லிய நைலான் கேப் சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும், காற்றடித்தால் முகத்தை மூடும்.

கேப்பில் இரண்டு கைக்கும் நடுவில் தண்ணீர் குளம் கட்டும். அவ்வப்போது முழங்கையைத் தூக்கிச் சாய்த்துவிட வேண்டும். மறந்தால் திருப்பத்தில் மொத்தமும் தொடையில். ஹாண்டிலில் இருக்கும் விளக்கை அது மூடிவிடும், விளக்கை ஃபோர்க் தலைக்கு இறக்குங்கள். கை காட்டுவதும் சரியாகத் தெரியாது. எதிர்காற்றில் பாய் கட்டிய படகு கணக்காக இழுக்கும். முழு மட்கார்டு இல்லாத சைக்கிளில் கேப் பயனற்றது. தண்ணீர் அடியிலிருந்து வரும். நிதானமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கும் வெதுவெதுப்பான மழைக்கும் கேப். வேகமாகக் குனிந்து ஓட்டுபவருக்கும் காற்று அடிக்கும் இடத்துக்கும் கோட்டு.

மழைக் கால்சட்டை யாருக்கும் பிடிக்காத சாமான். முழங்காலைப் பிடிக்கும், உள்ளே வேகும், செயின் பக்கம் கிழியும். மட்கார்டு சரியாக இருந்தால் நனைவது தொடையின் மேல்பக்கம் மட்டும்தான். ரெயின்லெக்ஸ் என்ற டச்சுச் சாமான் அதை மட்டும் மூடுகிறது. இடுப்பில் பட்டையாகச் சுருட்டிக் கட்டியிருக்கலாம், தூறல் விழுந்தால் பிரித்துத் தொடையில் கட்டிக்கொள்ளலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். வேலை செய்யும்.

தலைக்கவசத்துக்கு மேலே ஹூட் போடாதீர்கள், திரும்பிப் பார்த்தால் துணியின் உள்பக்கம்தான் தெரியும். கவசத்துக்கு அடியில் முன்மடல் வைத்த மெல்லிய தொப்பி போதும், கண்ணில் துளி விழாது. மூக்குக்கண்ணாடிக்கும் அதுவே காப்பு. காலுக்கு, வெப்பமான மழையில் பட்டை வைத்த செருப்பு. ஷூ நனைந்தால் ஒருநாள் முழுக்கக் காயாது, செருப்பு பத்து நிமிஷம். குளிர் மழையில் ஷூவுக்கு மேல் நியோபிரீன் என்ற நுரை ரப்பர் உறை. அதன் மேல்விளிம்பு கால்சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கால் வழியாக வழியும் தண்ணீரை அது வாங்கி உள்ளே ஊற்றும். வழவழ பிளாஸ்டிக் பெடல் இருந்தால் கூர்முனை ஆணிகள் வைத்ததற்கு மாற்றிவிடுங்கள்.

செயின் எண்ணெய், விளக்கு, பை

ஃபினிஷ் லைன் கம்பெனிக்குப் பச்சைப் புட்டியில் ஈர எண்ணெய், சிவப்பில் உலர் எண்ணெய். மழைக்குப் பச்சை, கெட்டியானது, கழுவிக்கொண்டு போகாது. அழுக்கை ஈர்க்கும் என்ற குறை உண்மைதான், அதிகமாக ஊற்றுவதால்தான் அது பெரிதாகிறது. உருளைக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊறவிட்டு, வெளியே தெரிவதை எல்லாம் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளித்தகட்டில் மினுக்கும் எண்ணெய் மணல் பிடிக்க மட்டுமே உதவும். மழையில் போய்வந்த அன்றே முதலில் துணியால் தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தின் மேல் விட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. 24 கண்ணியின் நீளம் புதிதில் 304.8 மி.மீ. அது 306.4க்கு வந்தால் செயினை மாற்றுங்கள், 308ஐ எட்டிவிட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து போகும்.

விளக்கில் தண்ணீர் தாங்கும் தரத்தைக் காட்டும் குறி ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கச் சாரலையும் தாங்கும், சைக்கிளுக்கு அது போதும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். எந்த எண் இருந்தாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமுங்கவில்லையென்றால் எல்லாம் வீண். விளக்கு சாவது பெரும்பாலும் அந்த மூடியால்தான். கேரியரில் மாட்டும் பை என்றால் ஆர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக், ஜோடிக்கு 40 லிட்டர். வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டி மூட வேண்டும். அவசரத்தில் ஒரு சுற்றோடு விட்டால் ஒழுகும், பழி பைமேல் விழும். உள்ளே ஈரத் துணியை வைத்து மூடினால் ஒன்றும் காயாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோல் சீட்டு நனைந்த நிலையில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும். மேலே உறை போட்டால் போதாது, பின் மட்கார்டு இல்லாத சைக்கிளில் அது அடியிலிருந்துதான் நனைகிறது.

காசைக் கொட்டக் கூடாதவை

ஹாண்டிலில் குடை பிடிக்கும் கம்பி: காற்று அடிக்கும் திசையில் சைக்கிளும் போகும். மூக்குக்கண்ணாடி மேல் தடவும் நீர்விலக்கித் திரவம்: காருக்கு வேகம் துளிகளைத் தள்ளும், சைக்கிள் வேகத்தில் அவை நின்று பல்லிளிக்கும். கழுவுவதற்கு அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம்: சேற்றை நேராகப் பேரிங்குக்குள் ஓட்டும், ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். பெடல் அச்சுக் குழாயின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் சேறு அடைத்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், துருவைத் தளர்த்தும். மழைக்கு நடுவே அதை மட்டும் செயினில் அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று நினைத்தால், அடுத்த மழைக்குள் செயின் கிரீச்சிடும்.